பத்து நாள் லீவும் ஒரு மொட்டைப் பெட்டிசமும்

என்னைப் பற்றி மேலதிகாரிக்கு முறைப்பாடாக ஒரு பெட்டிசம் போயிருக்கிறது என்று அறிந்த அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு சின்னப் பெருமைதான் வந்தது. பெயர் போடாமல், கம்ப்யூட்டரில் அடித்து, முத்திரை ஒட்டித் தபாலில் போடுமளவுக்கு நான் முக்கியமான ஆளாகிவிட்டேனே என்று நினைத்தேன். அந்தப் பெருமை ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. அதன்பிறகு இரண்டு மாதம் நான் ஒரு மனிசரையும் நம்பவில்லை, பெற்ற தாய் உட்பட.

நான் வலிகாமத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் அதற்கும் ஒரு பெட்டிசம் வரும். எனக்கு ஓய்வூதியப் பகுதி. இளைப்பாறிய ஆசிரியர்கள், தபால்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரும் வருவார்கள். வருடத் தொடக்கத்தில் தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று படிவம் நிரப்பிக் காட்டவேண்டும். அந்த மாதங்களில் எங்களுக்குத் தலை நிமிர்த்த நேரம் கிடைக்காது. தன்னைச் செத்துப்போனதாக யார் எழுதியது என்று கேட்டுச் சண்டைக்கு வருகிற ஐயாமாரும் இருக்கிறார்கள்.

அந்தப் பகுதியில் இரண்டே இரண்டு கதிரைகள். ஒன்றில் நான். மற்றதில் என்னைவிட ஐந்து வயது மூத்த ஓர் அக்கா. குருநகரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கணவர் பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விசா சரிவரும், இந்த வருடம் கூப்பிடுவார் என்று ஆரம்பத்தில் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கதையை எடுப்பதையே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு மகள் இருந்தாள். அவளுடைய ரியூசன், காய்ச்சல், பல்லுவலி எல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தருக்கு ஒரு சட்டம். இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் கதிரையில் இருக்கவேண்டும். வயது போனவர்கள் பஸ் ஏறி வந்து வெறும் கதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. நியாயமான சட்டம்தான். அதனால் நான் லீவு போட்டால் படிவத்தில் பதிற்கடமை பார்ப்பவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்து வைப்பார். அவர் போட்டால் நான் வைப்பேன். எட்டு வருடமாக இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் நடந்து வந்தது.

என் பயணப் பைத்தியத்தை நான் கொண்டுநடத்தியது சனி ஞாயிறுகளிலும், தூரம் கூடினால் அதோடு ஒட்டிப் போடுகிற ஒருநாள் லீவுக்கு விழும் அந்தக் கையெழுத்தின் தயவிலும்தான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாலேகால் மணிக்குக் கைரேகை இயந்திரத்தில் பெருவிரலை அழுத்திவிட்டு வெளியே வந்தேன் என்றால் நான் வேறு ஆள். பை ஏற்கெனவே மேசைக்குக் கீழே இருக்கும். சனிக்கிழமை விடியும்போது பதுளையில் நிற்பேன், அல்லது மட்டக்களப்பில், அல்லது பெயர் வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு சந்தியில். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டேன். ஹப்புத்தளை ஸ்டேசன் வாங்கில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து மலையில் பனி ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். மொனராகலைப் பக்கம் பஸ் பழுதாகி நின்றபோது ஒரு சிங்களக் குடும்பம் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தந்தது. அந்த வீட்டு மனிசி என்னைத் தொட்டுத் தொட்டுக் கதைத்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது. இன்றைக்கும் அந்த வீட்டை நினைத்தால் எனக்குச் சந்தோசமாக இருக்கும். திங்கட்கிழமை விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, வீட்டுக்கு ஓடி, இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, எட்டரைக்கு முதல் பெருவிரலை மறுபடி அழுத்திவிடுவேன். என் முகத்தில் பவுடர் கூடுதலாக இருந்தால் அது திங்கட்கிழமை என்று அக்கா பகிடி பண்ணுவார்.

எங்கே போனேன் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் தடக்குப்படும் என்பார்கள். கட்டாயம் வாயைத் திறக்கவேண்டும் என்றால் 'தூரமோ?' என்று கேட்கலாம். 'ஓம், கொஞ்சம் தூரம்' என்று சொன்னால் சரி. அதற்குமேல் தோண்டுவது மரியாதை இல்லை. இதைவிட எனக்கு வசதியான வழக்கம் உலகத்தில் எங்கேயாவது இருக்குமா? நானும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தனியவோ என்று ஒருவர் கண்ணை உருட்டுவார். நுவரெலியாவால் வரும்போது லீக்ஸ் வாங்கி வரச்சொல்லி இன்னொருவர் பையைத் தருவார். மூன்றாமவர் தானும் வருகிறேன் என்பார். ஐயோ வேண்டாம் சாமி. திரும்பி வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வந்த பிறகு சொன்னால் அடுத்தமுறை போகமுதலே தெரிந்துவிடும் அல்லவா?

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். கேட்காத சனம் நினைக்காமலும் இருக்குமா? எங்கள் ஊரில் ஓர் ஆள் ஒருவருக்கும் சொல்லாமல் சின்னப் பையோடு அடிக்கடி காணாமல் போனால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிற ஆயத்தம். இங்கே வெளிநாடு போகிற எவரும் போகமுதல் சொல்வதில்லை. நாவூறு பட்டுவிடும் என்று ஒரு பயம். பொறாமைபிடித்த ஆராவது எம்பசிக்குப் பெட்டிசம் போட்டுவிடுவான் என்று அதைவிடப் பெரிய பயம். நேற்றுவரை கொழும்பில் கோர்ஸ் படிக்கிறான் என்று சொல்லப்பட்டவன் இன்றைக்குப் பனிக்குள் நின்று படம் போடுவான். சொந்தச் சித்தப்பாவுக்கே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விசயம் தெரியவரும். ஊர் என்னை அந்தக் கணக்கில் சேர்த்து எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. சேர்த்திருந்தார்கள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

அந்த வருடம் நான் ஒரு பெரிய பயணத்துக்கு ஆசைப்பட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், அன்றைக்கு ஒருவருக்கும் சொல்லவில்லை. பருத்தித்துறையில் கடலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி, நாட்டின் மற்ற நுனியில், தெய்வேந்திரமுனையில் போய்க் கடலைப் பார்க்கவேண்டும். ரயில் இல்லை, ஏசி பஸ் இல்லை. சந்திக்குச் சந்தி நிற்கிற சாதாரண பஸ்களிலேயே போகவேண்டும். ஓரிடத்தில் பிடித்துப்போனால் இறங்கவேண்டும், அங்கேயே தங்கவேண்டும், அடுத்த பஸ் எப்போது என்று அவசரப்படக்கூடாது. சனி ஞாயிறுக்குள் அடங்காத பயணம். அதற்குப் பத்து நாள் லீவு வேண்டும். காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து, ஒரு வருடமாக அந்த நாட்களைச் சேர்த்தேன். ஜூன் கடைசியில் போவதென்று முடிவு செய்தேன். மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு அக்கா ஒவ்வொரு வருடமும் லீவு எடுப்பார். அதோடு முட்டக்கூடாது என்றுதான் ஜூனைப் பார்த்தேன். தெற்கில் அப்போது மழை. மழைக்கு பஸ் யன்னலோரம் இருக்கிற சுகத்தை நினைத்தே எனக்கு நித்திரை வராது.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வந்த கிழமை படிவத்தை நிரப்பினேன். அக்கா ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். பத்து நாளோ என்று மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். லீவு காலத்தில் இருக்கும் முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'பயணத்தில்' என்று எழுதினேன். நிர்வாக உத்தியோகத்தர் பார்ப்போம் என்று சொல்லி லாச்சிக்குள் வைத்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் நேரங்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடதாசி. அரைப் பக்கம், கம்ப்யூட்டரில் அடித்தது. இந்த உத்தியோகத்தர் மாதாமாதம் கொழும்பில் ஏஜென்சிக்குப் போய் வருகிறார், இன்ன திகதியிலிருந்து பத்து நாள் லீவு எடுத்திருப்பது நாட்டைவிட்டுப் போவதற்கே, திரும்பி வரமாட்டார், வயோதிபர்களின் நன்மை கருதி நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதியிருந்தது. கீழே 'உண்மைவிரும்பி'. உறையில் நெல்லியடித் தபால் முத்திரை. வாசித்துவிட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு முதல் வேறொரு பகுதியில் ஒருவர் நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு போய் இலண்டனில் இருந்து ராஜினாமா அனுப்பியிருந்தார். அந்த அடி அவருக்கு இன்னும் ஆறவில்லை.

பாஸ்போட்டைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். என்னிடம் பாஸ்போட் இல்லை, எடுத்ததே இல்லை என்றேன். இது சத்தியமான உண்மை. இந்த நாட்டையே நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை, எனக்கு என்னத்துக்குப் பாஸ்போட்? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்திலை பாஸ்போட் இல்லாத ஆளோ, தங்கச்சி? நம்பக்கூடிய கதையைச் சொல்லுங்கோ. சரி, அப்ப உந்த லீவுப் போமிலை ஏன் முகவரி இல்லை?"

இந்த இடத்தில் நான் மரியாதையாகப் பருத்தித்துறை, தெய்வேந்திரமுனை, சாதாரண பஸ் என்று சொல்லியிருக்கவேண்டும். மனிசன் கெட்டவர் இல்லை, சொல்லியிருந்தால் தலையில் கை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். ஆனால் எனக்கு ஏறிவிட்டது. கள்ளரை விசாரிப்பது போல் என்னை விசாரிக்க நான் என்ன செய்தேன்? என் லீவில் நான் எங்கே நிற்கிறேன் என்பது என் சொந்த விசயம், சொல்ல ஏலாது என்று சொல்லிவிட்டேன். அவர் பேனையை எடுத்துப் படிவத்துக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். ஒரு வருடம் சேர்த்த பத்து நாள் அந்தக் கோட்டோடு போயிற்று.

மேசைக்கு வந்து அக்காவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடு பிள்ளை, விடு பிள்ளை என்றார். அடுத்தநாள் வாழையிலையில் சுற்றி இறால் பொரியல் கொண்டுவந்தார்.

சந்தேகம் என்பது எனக்குப் பிறவிக் குணம். கடையில் மீதிக் காசைப் பத்துத் தரம் எண்ணுகிற ஆள் நான். இப்போது அதற்கு ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. எதிர் மேசைக்காரர் என் பகுதிக்கு மாறிவர இரண்டு வருடமாக ஆசைப்படுகிறவர். அவர் பிறிண்டருக்குக் கிட்டப் போனாலே நான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முன்வீட்டு அன்ரி நான் பையோடு இறங்கும்போதெல்லாம் கேற்றடியில் நின்று தூரமோ என்று கேட்பவர். பாவம், அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். ஆனால் நெல்லியடி முத்திரைதான் எனக்குள் கிடந்து குடைந்தது. நெல்லியடியில் எனக்குப் பெரியம்மாவின் மகன் இருக்கிறார். சந்தைக்குக் கிட்டப் புடைவைக்கடை வைத்திருக்கிறார். எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்து, நான் மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து மனத்தாங்கல். ஆள் உவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அச்சுவேலியில் பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனேன். நான் போனதிலேயே ஆகக் கேவலமான பயணம் அது. ஒரு சேலை பார்க்கிற சாட்டில் கடைக்குள் போய் அண்ணையிடம் பெட்டிசம், கம்ப்யூட்டர், தபால் என்று சுற்றி வளைத்துக் கதைத்துப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சோடா எடுத்துத் தந்தார். சேலைக்கு விலை குறைத்தார். அம்மாவுக்கென்று எள்ளுப்பாகு ஒரு பொட்டலம் கட்டித் தந்து, பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து ஏற்றியும் விட்டார். நல்ல மனம் உள்ளவள் என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பாள். எனக்கோ குற்றம் செய்யாதவன் ஏன் இவ்வளவு அன்பு காட்டுகிறான் என்றுதான் வழியெல்லாம் ஓடியது.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. வந்திருக்கவே கூடாது. பெட்டிசம் போட்ட கிழமை அம்மா சொந்தத்தில் ஒரு செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்குக்காக நெல்லியடிக்குப் போயிருந்தார். என் தனிப் பயணம் அம்மாவுக்குப் பிடிக்காது. வாய் திறந்து சொன்னதில்லை என்றாலும் நான் பை அடுக்கும்போது குசினிக்குள் சட்டிகள் சத்தம் கூடும். அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது, சரி. ஆனால் சந்திக்குச் சந்தி தட்டச்சுக் கடை இருக்கிறதே? அன்று பின்னேரம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, நீங்கள்தான் அந்தப் பெட்டிசத்தைப் போட்டதோ என்று நேராகக் கேட்டேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெட்டிசம் எழுதுறதெண்டால் நான் உன்ரை கலியாணத்துக்கெல்லோ எழுதியிருப்பன், பிள்ளை. அதுவும் கந்தோருக்கில்லை, கடவுளுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு மேசையில் இருக்கும், மூடி வைத்திருக்கும், அம்மா இருக்கமாட்டார். எனக்கு அது ஒரு பக்கம் கவலையாக இருந்தது. மறுபக்கம், இது நடிப்பாக இருந்தால் என்ற புழுவும் நெளிந்தது. இப்படியும் ஒரு சென்மம்.

இதை எல்லாம் நான் தவறாமல் சொன்னது அக்காவிடம். காலையில் வந்து கைப்பையை வைத்ததும் ஆள் ஆரென்று பிடிபட்டதோ என்று கேட்பார். நான் எதிர் மேசைக்காரர், அன்ரி, அண்ணை, அம்மா என்று ஒவ்வொருவராக எடுத்து உரிப்பேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவைக் கேட்ட கதையைச் சொன்ன அன்று அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. தாயைப் போய் இப்படிக் கேட்கலாமோ, மன்னிப்புக் கேள், இன்றைக்கே கேள் என்று ஏசினார். என்மேல் உள்ள உரிமையில் ஏசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் பிறந்ததும் அக்கா ஒரு லீவுப் படிவம் நீட்டினார். இந்த வருடம் ஆவணியில் இல்லை, ஜூலைத் திருவிழாவுக்கே மடுவுக்குப் போகிறாராம், ஒரு நேர்த்தி இருக்கிறதாம். எட்டு நாள். முகவரி என்ற கட்டத்தில் மடு என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைத்தேன். நிர்வாக உத்தியோகத்தர் நின்ற நிலையில் ஒப்பம் போட்டுக் கொடுத்தார். நான் போக இருந்த அதே நாட்கள் அவை. ஊர் முழுவதையும் சந்தேகித்த எனக்கு அந்தத் திகதிகளைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

போகிற வெள்ளிக்கிழமை அக்கா லாச்சியைத் துப்புரவாக்கினார். பழைய பேனைகளை எறிந்தார். என் தோளில் கை வைத்து, 'போட்டு வாறன் பிள்ளை' என்றார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மாதாவிடம் எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னேன்.

எட்டு நாள் முடிந்து திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. மகளுக்கு ஏதும் சுகமில்லையோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை குருநகரிலிருந்து ஒரு விதவை அம்மா ஓய்வூதிய விசயமாக வந்தார். வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு, தாயும் மகளும் பிரான்சில் சுகமாகப் போய் இறங்கிவிட்டார்களாமே என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

நிர்வாக உத்தியோகத்தர் அன்று பின்னேரம் என் மேசைக்கு வந்தார். பெட்டிசக்காரன் ஆளை மாறி எழுதிவிட்டான் போலிருக்கிறது என்றார். அதற்குமேல் மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. புதிய ஆள் வரும்வரைக்கும் லீவு என்ற கதையையே எடுக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். புதிய ஆள் எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது. கதிரையில் ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் இனி நான்தான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஓடுகிற என் சின்ன ஓட்டத்துக்கும் வழி இல்லை, ஏனென்றால் தேங்கிப்போன கோப்புகளுக்காகச் சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள்.

அக்கா கதைத்தது அதற்கு இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். போனில் புதிய நம்பர். எடுத்தால் வீடியோவில் அக்கா, தடித்த கம்பளிச் சட்டையோடு ஒரு சின்னக் குசினிக்குள். ஜூலை மாதத்தில் என்ன குளிர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லாமல் போனதற்கு நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குமுதல் சொன்னார்.

"பிள்ளை, நான் சொல்லிறதைக் கேட்டிட்டுப் பேசு. அந்தப் பெட்டிசம் நான் எழுதினது."

சவர்க்கார நுரை கையில் காய்ந்துகொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். என் படிவத்தில் கையெழுத்து வைத்த அடுத்த கிழமைதான் கணவரிடமிருந்து தகவல் வந்ததாம், விசா சரி என்று. ஆனால் மகளுக்குப் பதினெட்டு வயது ஆவதற்கு முதல் போய் இறங்கவேண்டும். அவளுடைய பிறந்தநாள் ஜூலை நடுவில். ரிக்கெற் கிடைத்ததோ நான் லீவு எடுத்த நாட்களில். நான் லீவில் நின்றால் அவருக்கு லீவு இல்லை; லீவு இல்லாமல் வராமல் விட்டால் அன்றைக்கே வீட்டுக்கு ஆள் அனுப்பித் தேடுவார்கள், விமானம் ஏறமுதலே விசயம் வெளியே வந்துவிடும். நானும் வெளிநாட்டுக்குத்தான் போகிறேன், அந்தப் பத்து நாளில் போனால் திரும்பி வரவே மாட்டேன், அதற்குப் பிறகு தன்னை ஒரு நாளுக்கும் விடமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். வெளியே சொன்னால் யாராவது எம்பசிக்குப் பெட்டிசம் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் தானே ஒரு பெட்டிசம் எழுதி, குருநகரில் போட்டால் பிடிபட்டுவிடும் என்று நெல்லியடி வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய்ப் போட்டாராம்.

எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் திகதியை மாற்றியிருப்பேனே, உங்கள் பிள்ளைக்காக நான் அதைச் செய்யமாட்டேனா என்று மட்டும் கேட்டேன்.

"வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட ஆள் திகதியை மாத்தும் எண்டு நான் எப்பிடி நம்பிறது? எட்டு வருசமா உன்ரை போமிலை கையெழுத்து வைச்சன். ஒருக்காலெண்டாலும் எங்கை போனனான் எண்டு நீ எனக்குச் சொன்னனியோ?"

சொன்னதில்லை. ஹப்புத்தளையையும் சொன்னதில்லை, மரவள்ளிக்கிழங்கு தந்த வீட்டையும் சொன்னதில்லை. மகளின் பல்லுவலி வரைக்கும் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"இப்ப கேக்கிறன். நீ இப்ப வெளிக்கிடேல்லைத்தானே, கேட்டால் குற்றமில்லை. அந்தப் பத்து நாளும் எங்கை போக இருந்தனி?"

சொன்னேன். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு, சாதாரண பஸ்ஸில், நின்று நின்று, சும்மா பார்க்க. அதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூடப் போகவில்லை. அக்கா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அவ்வளவுதானோ?"

அவ்வளவுதான் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து நாளும் போய், இனி எத்தனை வருடமோ என்று நிற்கிறவள் நான், நன்றாக அழட்டும் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலில் அம்மா நின்றார். போன் சத்தமாகத்தான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறது. பெட்டிசம் போட்டது ஆரென்றும் கேட்டிருக்கிறது. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சும்மா பாக்கவோ போறனி, இவ்வளவு காலமும்?"

ஓம் என்றேன்.

"தனியவோ?"

ஓம் அம்மா, தனியத்தான் என்றேன். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"உனக்கு அங்கை ஆரோ ஒருத்தர் இருக்கினம் எண்டெல்லோ நான் நினைச்சனான். சாதி சமயம் வேறையாக்கும், அதாலைதான் பிள்ளை சொல்லேலாமல் ஒளிக்குது எண்டு. அதை நினைச்சுத்தான், பிள்ளை, நான் நிம்மதியாக் கண்ணை மூடலாம் எண்டு இருந்தனான்."

போனுக்குள் அக்கா இன்னும் அழுதுகொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் ஏச்சு இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டுப் போனை நிறுத்தி, அம்மாவுக்குப் பக்கத்தில் குசினி வாசற்படியில் போய்க் குந்தினேன்.